தெல்தெனியவின் ஓரங்குலப் படம்

பழைய தெல்தெனியவை ஆராயப் புகுவோர் இன்று அவ்வூருக்குச் செல்வதிற் பயனில்லை. அது விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் உள்ளது. 1978இல் தொடங்கி 1985இல் நிறைவுற்ற அந்த 122 மீற்றர் உயர அணை மகாவலியைத் தடுத்தபோது, நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கிவரும் ஹுலு கங்கையின் கீழ்ப்பள்ளத்தாக்கும் நீரில் மறைந்தது. எஞ்சியுள்ள சான்றுகளுள் தலையாயது நிலஅளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல இடவிளக்கப்படம் ஆகும்.

ஓரங்குலத்தில் ஒரு மைல் காட்டும் இப்படத்தில் சமவுயரக் கோடுகள் நூறடிக்கு ஒன்றாக வரையப்பட்டுள்ளன. நீர்த்தேக்கத்தின் முழுநிறை மட்டம் 438 மீற்றர், அதாவது ஏறத்தாழ 1437 அடி. எனவே 1400, 1500 அடிக் கோடுகளுக்கிடையே பென்சிலால் ஒரு கோடு இழுத்தால், அதற்குட்பட்டதெல்லாம் அமிழ்ந்த நிலம் எனக் கொள்ளலாம். நகரம், கண்டி – மகியங்கனைப் பழைய வீதியின் ஒரு பகுதி, ஆற்றோர வயல்கள் யாவும் அக்கோட்டினுள் அகப்படும். ‘தெனிய’ என்னும் சிங்களச் சொல் இரு மேடுகளுக்கிடைப்பட்ட தாழ்ந்த வயல்நிலத்தைக் குறிப்பது. ஊர்ப்பெயரே நிலவியலைச் சொல்லிவிடுகிறது.

எனினும் அளவைப் படம் நடுநிலையான சாட்சியன்று. உரிமை நிறுவப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்ட 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் பின், நிலத்தை அளப்பதும் விற்பதும் ஒரே செயலின் இரு கூறுகளாயின. கோப்பித் தோட்டங்கள் எழுந்தது அவ்வழியிலேயே. தும்பறைப் பகுதியிற் பின்னர் கொக்கோவும் வேரூன்றியது. படத்திற் பதிவாவது தோட்டத்துரையின் ஆங்கிலப் பெயர். அங்கு லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் தோட்டத்திற்குத் தாமே இட்டு வழங்கிய பெயர் அதில் ஏறுவதில்லை. கிராமத்து அந்தக் குடியானவன் யாருடைய வயலை உழுதான் என்பதையும் படம் கூறாது. பச்சை வண்ணத்தில் எல்லா வயலும் ஒன்றே. நட்டஈடு என்னும் பேச்சு எழுந்தபோது உறுதி உடையோனுக்கும் உழுதோனுக்கும் உள்ள வேறுபாடுதானே பெரிதாயிற்று?

மகாவலி விரைவுத் திட்டத்தால் இடம்பெயர்ந்தோரிற் பலர் கிழக்கே சீ வலயக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். புதிய தெல்தெனிய மேட்டில் அமைந்தது. திணைக்களத்தின் பின்னைய 1:50,000 படங்களில் பழைய ஊர் இருந்த இடத்தில் நீலம் மட்டுமே உண்டு. கடும் வறட்சிக் காலங்களில் நீர் வற்ற, இடிந்த சுவர்கள் மேலே தெரியும். அந்நாட்களிற் பழைய ஓரங்குலத் தாளைக் கையில் ஏந்தி நின்றால் வீதியின் வளைவுகளை ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். அச்சுவர்கள் எவருடையவை என்பதை மட்டும், முன்னர் அங்கு குடியிருந்தோரிடமே கேட்டறிதல் வேண்டும்.