வாசல்படி வரைக்கும் வணிகர்

1989 ஜனவரி 31 அன்று சியோலில் கொரிய வணிகச் சங்கங்கள் அளித்த மதிய விருந்தில் ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் பேசினார். ஆசிய-பசிபிக் வட்டாரத்து அரசுகள் பொருளாதார விஷயங்களைக் கூடிப் பேசத் தங்களுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்ற யோசனையை அங்கேதான் வெளியிட்டார். பத்தே மாதத்தில், அந்த ஆண்டு நவம்பரில், 12 நாடுகளின் அமைச்சர்கள் கான்பெராவில் கூடினார்கள்; ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு (ஏபெக்) பிறந்தது. ஏபெக்கின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஹாக்கின் பேச்சிலிருந்து தொடங்குவார்கள். அவர் யார் முன்னால் பேசினார் என்பதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. பசிபிக் கரையில் பொருளாதார ஒத்துழைப்புக்கு வாசலைத் திறந்தவர்கள் வணிகர்கள். அரசுகள் பின்னால் வந்தன. ஆனால் வாசல்படியைத் தாண்டி உள்ளே போனதும் வணிகர் சொல் எடுபடவில்லை. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அவர்களிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாதவர் எவரோடும் உட்காரலாம். எவரையும் கட்டுப்படுத்த முடியாது.

கதை இரும்புத் தாதில் தொடங்குகிறது. தன்னிடம் இருப்பது கொஞ்சம்தான் என்று நம்பிய ஆஸ்திரேலியா 1938இல் இரும்புத் தாது ஏற்றுமதிக்குத் தடை விதித்திருந்தது. அந்தத் தடை 1960 டிசம்பரில்தான் தளர்ந்தது. அதைத் தொடர்ந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் மலை மலையாகத் தாது கிடப்பது வெளியே தெரியவந்தது. வாங்குவதற்கு ஆள் இருந்தது: தாது வளம் அற்ற, ஆனால் எஃகு ஆலைகளை அடுக்கிக்கொண்டே போன ஜப்பான். சிக்கல் வேறு இடத்தில். பொட்டல் வெளியில் சுரங்கம் தோண்ட வேண்டும். டாம் பிரைஸ் சுரங்கத்திலிருந்து டாம்பியர் துறைமுகம் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ரயில் பாதை போட வேண்டும். துறைமுகம் கட்ட வேண்டும். தொழிலாளர் குடியிருக்க ஊரே கட்ட வேண்டும். நாளைய சந்தை விலையை நம்பி இவ்வளவுக்கும் எந்த வங்கியும் கடன் தராது. ஜப்பானிய ஆலைகள் பல ஆண்டுகளுக்கு இவ்வளவு டன் வாங்குவோம் என்று முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தந்த ஒப்பந்தத் தாள்தான் ஈடு. அந்தத் தாளைக் காட்டிக் கடன் வாங்கினார்கள்; 1966இல் கப்பல்கள் புறப்பட்டன. இதற்கெல்லாம் அடித்தளம் 1957இல் ஹக்கோனேயில் ஆஸ்திரேலிய வர்த்தக அமைச்சர் ஜான் மெக்யூவனும் ஜப்பானியப் பிரதமர் கிஷியும் கையெழுத்திட்ட வர்த்தக உடன்பாடு. போர் முடிந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜப்பானியரிடம் போர்க்கைதிகளாக இருந்து திரும்பியவர்கள் ஆஸ்திரேலியத் தெருக்களில் நடமாடிக்கொண்டிருந்த காலம் அது. அரசுகள் அந்த உடன்பாட்டோடு நிற்க, தாதுவை வாங்குபவர்களும் விற்பவர்களும் ஒருவரோடு ஒருவர் பழகிக்கொள்ள இரு நாட்டு வணிகர் குழுக்களை 1960களின் தொடக்கத்திலேயே அமைத்துக்கொண்டார்கள். அதுவே விரிந்து 1967இல் பசிபிக் படுகைப் பொருளாதாரக் கவுன்சில் ஆனது. ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் தொழிலதிபர்கள் அதில் இருந்தார்கள். ஜப்பான் தவிர வேறு ஆசிய நாடு இல்லை. பணக்கார வீடுகளின் பந்திதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

பந்தியை விரித்தவர்கள் பொருளாதார அறிஞர்கள். ஹிட்டோட்சுபாஷி பல்கலைக்கழகத்தின் கியோஷி கோஜிமா 1965இலேயே பசிபிக் தடையில்லா வர்த்தகப் பகுதி என்ற கருத்தை முன்வைத்திருந்தார். அது அன்றைக்கு நடக்கிற காரியமாக இல்லை. ஆனால் அதை விவாதிக்க 1968இல் டோக்கியோவில் தொடங்கிய அறிஞர் மாநாடு நின்றுவிடாமல் ஊர் ஊராகத் தொடர்ந்தது. 1980 செப்டம்பரில் கான்பெராவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. ஜப்பானியப் பிரதமர் ஒஹிராவும் ஆஸ்திரேலியப் பிரதமர் ஃபிரேசரும் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பேசி முடிவெடுத்தது. நடத்தியவர் சர் ஜான் கிராஃபோர்ட். 1957 உடன்பாடு உருவானபோது வர்த்தகத் துறைச் செயலராக இருந்தவர் இவரே. அந்தக் கருத்தரங்கிலிருந்து வளர்ந்த பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு மாநாட்டுக்கு ஒரு விசித்திரமான விதி: ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வணிகர், அறிஞர், அரசு அதிகாரி ஆகிய மூன்று தரப்பும் வரவேண்டும், ஆனால் அதிகாரி ‘தனிப்பட்ட முறையில்’ வந்தவராகக் கருதப்படுவார். எல்லாருக்கும் தெரிந்த பொய்தான். அந்தப் பொய்க்குப் பெரிய பயன் இருந்தது. வல்லரசுகளின் கூடாரத்துக்குள் இழுக்கப்படுவோமோ என்று தயங்கிய ஆசியான் நாடுகள் இதில் அச்சமின்றி உட்கார்ந்தன. 1986இல் சீனாவும் தைவானும் ஒரே நேரத்தில் உறுப்பினராகச் சேர்ந்தன. ஒருவரை ஒருவர் நாடு என்றே ஒப்புக்கொள்ளாத இருவர் ஒரே மேசைக்கு வர முடிந்தது, அது அரசுகளின் மேசையாக இல்லாததால்தான்.

1991இல் சீனா, தைவான், ஹாங்காங் மூன்றும் ஏபெக்கில் சேர்ந்தபோது இந்த உபாயத்தையே ஏபெக்கும் கையாண்டது. அங்கே ‘உறுப்பு நாடு’ என்ற சொல்லே கிடையாது. ‘உறுப்புப் பொருளாதாரம்’ என்பார்கள். தைவான் அங்கே ‘சீன தைப்பே’. சொல் விளையாட்டு என்று சிரிக்கலாம். ஆனால் நாடு என்றால் இறையாண்மைச் சண்டை வரும். பொருளாதாரம் என்றால் சரக்கும் பணமும் மட்டும் வரும். கொள்முதல்காரர்கள் பேசிப் பழகிய மொழியை அமைச்சர்கள் இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமானதும்கூட. ஏபெக்கை உண்டாக்கியது வணிகரா, அச்சமா? அமெரிக்காவும் கனடாவும் 1988இல் தடையில்லா வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தன. ஐரோப்பா 1992க்குள் ஒற்றைச் சந்தையாவதாக அறிவித்திருந்தது. உலக வர்த்தகம் கோட்டை கோட்டையாகப் பிரிந்துவிடும், நாம் வெளியே நிற்போம் என்ற கவலை ஹாக்குக்கும் இருந்தது, ஜப்பானின் வர்த்தக-தொழில் அமைச்சகத்துக்கும் இருந்தது. ஆகவே இது அரசுகளின் தற்காப்பு. வணிகர் வெறும் பார்வையாளர் என்று வாதிடலாம். அச்சம் இருந்ததை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சம் ஏன் கூட வேண்டும் என்பதைச் சொல்லும். யாரோடு, எப்படி என்பதைச் சொல்லாது. பத்து மாதத்தில் 12 நாடுகளைக் கூட்ட முடிந்ததென்றால், யாரைக் கூப்பிடுவது, எந்தத் தலைப்பைத் தொடலாம், எதைத் தொட்டால் கூட்டம் கலையும் என்பதெல்லாம் 20 ஆண்டுகளாக ஒத்திகை பார்க்கப்பட்டிருந்ததால்தான்.

தலைவர்கள் இதை அறிந்திருந்தார்கள். 1995இல் ஒசாகா மாநாட்டில் ஏபெக் தொழில் ஆலோசனைக் குழுவை நிரந்தரமாக அமைத்தார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் மூன்று தொழிலதிபர்களை நியமிக்கலாம். குழு ஆண்டுக்கு நான்கு முறை கூடும். உச்சி மாநாட்டின்போது தலைவர்களை நேரில் சந்தித்து அறிக்கை தரும். இந்தத் தரப்பின் விருப்பத்துக்கு இசைந்து நடந்த காரியங்களில் கண்ணால் பார்க்கத் தக்கது பயண அட்டை. 1997இல் ஆஸ்திரேலியா, தென்கொரியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் சோதனையாகத் தொடங்கின. வணிகர் தன் சொந்த அரசிடம் ஒரே முறை விண்ணப்பிப்பார். அந்த அரசு அவரைச் சரிபார்த்து, விவரத்தை மற்ற உறுப்பினர்களுக்கு அனுப்பும். எவரெல்லாம் சம்மதிக்கிறார்களோ அவர்களின் குறியீடுகள் அட்டையின் பின்புறத்தில் அச்சாகும். பிறகு ஒவ்வொரு தூதரக வாசலிலும் விசாவுக்கு நிற்க வேண்டாம். விமான நிலையத்தில் தனி வரிசை. மூன்று ஆண்டாக இருந்த செல்லுபடிக்காலம் 2015இல் ஐந்து ஆண்டானது. இப்போது கைபேசியிலும் வருகிறது. கவனித்துப் பார்த்தால் இது முழுக்க முழுக்க வாசல்படிச் சலுகை. உள்ளே போய் எதை விற்கலாம், எவ்வளவு வரி என்பதைப் பற்றி அட்டை வாய் திறப்பதில்லை. இதில் ஒரு பழைய சாயலும் இருக்கிறது. சுமத்ராவின் பாருஸில் 1088இல் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் வெட்டிவைத்த கல்வெட்டும் கப்பலிலிருந்து இறங்குபவர் பற்றியதுதான்: பொன்னாக ஆயம் (வரி) கட்டிய பிறகே பாவாடைமேல் (விரித்திருக்கும் துணிமேல்) கால் வைக்கலாம் என்கிறது. வேற்றுக்கரையில் வணிகர் முதலில் விதி வகுக்க முற்படுவது, எப்படி இறங்குவது என்பதற்குத்தான்.

உள்ளே என்ன நடந்தது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1996 நவம்பரில் பிலிப்பைன்ஸின் சுபிக்கில் கூடிய ஏபெக் தலைவர்கள், கணினி, தொலைத்தொடர்புச் சாதனங்களுக்கு வரியை நீக்கும் உடன்பாட்டுக்கு ஆதரவு தந்தார்கள். கணினி நிறுவனங்கள் வெகுநாளாகக் கேட்டது அது. அடுத்த மாதமே சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் 29 தரப்புகள் ஒப்புக்கொண்டன. இதைக் கண்டு ஊக்கம் பெற்று, 1997இல் வான்கூவரில் 15 துறைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் ஒன்பதில் உடனே வரியைக் குறைப்போம் என்று இறங்கினார்கள். மீனும் மரமும் அந்த ஒன்பதில் இருந்தன. ஜப்பான் மறுத்தது. 1998இல் கோலாலம்பூரில் முயற்சி முறிந்து, வரிக்குறைப்பை உலக வர்த்தக அமைப்பின் தலையில் கட்டிவிட்டுக் கலைந்தார்கள். ஒன்று நிறைவேறியதும் மற்றொன்று கவிழ்ந்ததும் வணிகரின் திறமையால் அல்ல. மலேசியாவில் பூட்டப்படும் கருவிக்குள் ஜப்பானியச் சில்லு இருக்கும், அதை வாங்குபவர் அமெரிக்கர். வரியைக் குறைத்தால் மூவருக்கும் இலாபம், எதிர்த்து ஊர்வலம் போக ஆளில்லை. மீன் அப்படியில்லை. அதற்குப் பின்னால் மீனவர் கிராமம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, தொகுதி இருக்கிறது. இழக்கிறவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது வெளியூர் வணிகரின் அறிக்கை எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும் அமைச்சரின் மேசையில் கிடக்கும்.

தொழில் ஆலோசனைக் குழுவிலேயே இருப்பவர்கள் பெரிய நிறுவனத்தார்தானே, சிறு வியாபாரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நியமனம் அரசின் கையில். ஆண்டுக்கு நான்கு முறை விமானம் ஏறக்கூடியவர்தான் உறுப்பினராக முடியும். பயண அட்டையும் பறப்பவருக்குத்தான் பயன். ஆனால் சுங்கச் சாவடியில் தாள்களைக் குறைத்தால் ஒரு பெட்டி அனுப்புகிறவருக்குத்தான் ஆயிரம் பெட்டி அனுப்புகிறவரைவிட நிம்மதி. பெரியவர் அந்த வேலைக்குத் தனியே ஆள் வைத்துக்கொள்வார். 2001இல் ஷாங்காயில் தலைவர்கள், எல்லை தாண்டும் செலவை ஐந்து ஆண்டில் 5 விழுக்காடு குறைப்பதென்று இலக்கு வைத்தது இந்த வகை. பேரறிக்கைகளைவிட இப்படிப்பட்ட சில்லறை வேலைகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2004இல் இதே ஆலோசனைக் குழு ஆசிய-பசிபிக் முழுமைக்கும் ஒரே தடையில்லா வர்த்தகப் பகுதி வேண்டும் என்று முன்மொழிந்தது. கோஜிமாவின் பழைய கனவுதான், அளவு மட்டும் பெரிது. 2006இல் ஹனோயில் ஆராயச் சொன்னார்கள். 2014இல் பெய்ஜிங்கில் வழிவரைபடம் போட்டார்கள். பகுதி இன்னும் வரவில்லை. இதைத் தோல்வி என்று சொல்லத் தயங்குகிறேன். வரி யாருக்கு எவ்வளவு என்பதை ஓட்டுக் கேட்டு வந்தவர் தீர்மானிப்பதே முறை. நியமனம் பெற்று வந்தவர் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான்.

இந்தியா இந்த வீட்டுக்கு வெளியே நிற்கிறது. 1998இல் பெரு, ரஷ்யா, வியட்நாம் சேர்ந்து உறுப்பினர் எண்ணிக்கை 21 ஆன பிறகு ஏபெக் எவரையும் சேர்க்கவில்லை. ஆர்செப் எனப்படும் வட்டார வர்த்தக உடன்பாட்டுக்கான பேச்சுவார்த்தையிலிருந்து 2019 நவம்பரில் இந்தியா தானே விலகிக்கொண்டது வேறு கதை. அது உள்ளறைச் சண்டை, இழப்பவர் வீட்டுக்குள் இருந்தார். வாசல்படி விஷயத்தில் அப்படி எவரும் இழப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற தமிழ் ஏற்றுமதியாளர் அந்தப் பயண அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அவரோடு சரக்குப் பரிமாறும் சென்னைக்காரருக்கு அந்த வழி இல்லை; விசா கேட்கும் நாடுகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்கிறார்.