பாக்கி வேலையும் முட்டுக்கட்டையும்

குளிர் தேசத்துக்காரர்கள் கணப்பு அடுப்பில் விறகு அடுக்கும்போது, பின்பக்கம் ஒரு பெரிய கட்டையைப் போட்டு வைப்பார்கள். முன்னாலிருக்கும் சுள்ளிகள் தீர்ந்தாலும் அது நின்று எரியும். அந்தப் பின்கட்டைக்கு வைத்த பெயர்தான் 'பேக்லாக்'. 17-ம் நூற்றாண்டு வார்த்தை. 20-ம் நூற்றாண்டில் அதுவே முடிக்காமல் கிடக்கும் ஆர்டருக்கும் வேலைக்கும் பெயராகிவிட்டது. நம்ம பாஷையில் பாக்கி. கணக்குப் பிள்ளை பாஷையில் நிலுவை.

இந்த பாக்கிப் பட்டியலை ஏ.ஐ. ஏஜெண்ட் கையில் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால், அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எழுதி வைக்கிற வேலை.

ராஜபாளையத்திலிருந்து தொடங்குவோம். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா அங்கே ராஜபாளையம் மில்ஸை ஆரம்பித்தார். அந்தக் கால நூற்பாலை ஆபீஸ் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். எந்தப் பார்ட்டிக்கு எத்தனை பேல் அனுப்ப வேண்டும், எந்த மெஷினுக்கு என்ன ஸ்பேர் வர வேண்டும் என்பதெல்லாம் பாதி லெட்ஜரில் இருக்கும். மீதி சீனியர் குமாஸ்தாவின் தலைக்குள் இருக்கும். புதுப்பையன் முழித்தால் "அண்ணே, இதை எப்படிப் போடறது?" என்று கேட்டுக்கொள்வான். வேலை நடந்துவிடும்.

நூலிலும் சிமெண்ட்டிலும் வளர்ந்த அதே ராம்கோ குழுமம், பின்னாளில் சாஃப்ட்வேரில் இறங்கியது. ராம்கோ சிஸ்டம்ஸ். கொள்முதல், சரக்கு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் 'மார்ஷல்' என்ற ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரை விற்றது. லெட்ஜர் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அண்ணன் தலைக்குள் இருந்தது? அது அவ்வளவு சுலபத்தில் போகாது. இது ஒரு கம்பெனியின் கதை இல்லை. உலகம் முழுக்க இப்படித்தான். சாஃப்ட்வேரோடு மேனுவல் வரும். அது பீரோவில் தூங்கும். சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டைக் கேட்பார்கள்.

மேனுவல் எழுதுவதில் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கினார்கள். அதன் முதல் மேனுவல் 1971 நவம்பர் 3 தேதியிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எப்படி அழைப்பது, என்ன செய்யும் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு தலைப்பு: 'பக்ஸ்'. அதாவது இதில் என்னென்ன கோளாறு இருக்கிறது! தன் சரக்கின் குறையைத் தானே அச்சடித்துக் கொடுக்கும் வியாபாரியை நீங்கள் பார்த்ததுண்டா?

அடுத்து பட்டியல்காரர்கள் வந்தார்கள். 1995-ல் கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் 'ஸ்க்ரம்' முறையை அறிமுகப்படுத்தினார்கள். செய்ய வேண்டியதை முக்கியத்துவப்படி அடுக்கிய பட்டியல்தான் அதற்கு அச்சாணி. 2002-ல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் கம்பெனி 'ஜிரா'வைக் கொண்டுவந்தது. பட்டியல்கள் நீண்டன. நீண்டுகொண்டே போயின.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்றொரு பொது ஏற்பாட்டை வெளியிட்டது. ஏ.ஐ.யும் மற்ற சாஃப்ட்வேர் கருவிகளும் பேசிக்கொள்வதற்கான விதிமுறை. அடுத்த வருஷமே ஜிராவும் இதில் சேர்ந்துவிட்டது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும் என்ற விவரம் இருக்கும். ஏஜெண்ட் அதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று தீர்மானிக்கிறது.

இங்கேதான் சிக்கல். 'வேலையை முடி' என்று ஒரு கருவி. விளக்கத்திலும் 'வேலையை முடிக்கும்' என்றே எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்து முடித்ததா, வேண்டாமென்று கைவிட்டதா? இரண்டுக்கும் இதே கருவியா? '05-06' என்று கெடு போட்டிருந்தால் நமக்கு ஜூன் 5. அமெரிக்காக்காரனுக்கு மே 6. புதுப்பையன் என்றால் அண்ணனைக் கேட்பான். இது கேட்காமலே ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். அதுவும் நொடியில், நூறு இடத்தில்.

ஆகவே எதற்குப் பயன்படுத்த வேண்டும், எதற்குக் கூடாது, செய்தபின் திரும்பப் பெற முடியுமா, எப்போது மனிதரைக் கேட்க வேண்டும்... அத்தனையும் எழுத வேண்டியிருக்கிறது. அண்ணன் தலைக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தாக வேண்டும்.

எழுதிவிட்டால் போதுமா? போதாது. 2025 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர், ரெப்ளிட் நிறுவனத்தின் ஏ.ஐ. ஏஜெண்டை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியும் வைத்திருந்தார். அது நிஜமான டேட்டாபேஸையே அழித்துவிட்டது. ரெப்ளிட் தலைவர் மன்னிப்புக் கேட்டார். சோதனைக்கான டேட்டாவையும் நிஜ டேட்டாவையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டை அதற்குப் பிறகு செய்தார்கள். எம்.சி.பி.யிலும் 'இது படிக்க மட்டும்', 'இது அழிக்கக்கூடியது' என்று கருவிக்கு அடையாளம் போடும் வசதி உண்டு. அடையாளம்தான். பூட்டு அல்ல.

ராஜபாளையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத்தன்று அங்கே ஆண்டாள் தேர் நாலு ரத வீதியும் வரும். வடம் பிடிக்க ஆயிரமாயிரம் கைகள் இருக்கும். ஆனால், அவ்வளவு பெரிய தேர் முனையில் ஒழுங்காகத் திரும்புவது, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பவர்களால். 'முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் ஆளாளுக்குத் திட்டுகிறோம். தேருக்கு அதுதான் ஸ்டியரிங், அதுதான் பிரேக்.

'இங்கே நில்' என்று வீதி முனையில் போர்டு எழுதி வைத்தால் தேர் நிற்காது. ஏஜெண்டுக்கும் அப்படியே. தெளிவாக எழுதிக் கொடுங்கள். அது எழுத்தின் வேலை. அழிக்கும் அதிகாரத்தை அதன் கையில் கொடுக்காதீர்கள். அது கட்டையின் வேலை. வடம் பிடிக்க எத்தனை இயந்திரம் வேண்டுமானாலும் வரட்டும். கட்டை மட்டும் மனிதர் கையில் இருக்கட்டும்.