வழுதுணை போன வழி

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, புல்வேளூர்ப் பூதன் அவருக்கு இட்ட சாப்பாட்டைப் புகழ்கிறது. வரகுச் சோறு, புளித்த மோர், கூடவே வாட்டிய வழுதுணங்காய். அந்த எளிய சோற்றுக்கு உலகமே ஈடாகும் என்கிறது பாட்டு. வழுதுணை வேறெதுவும் அல்ல, நம் கத்தரிக்காய்தான்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான சந்தைகளில் இன்று அந்தப் பெயரைக் கேட்க முடிவதில்லை. கத்தரி அந்த இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. ஆனால் பாலக்காட்டைத் தாண்டினால் 'வழுதன' என்று விற்கிறார்கள். தெலுங்கில் அது வங்காய. வடமொழியில் வாதிங்கண. இந்த வடமொழிச் சொல்லே திராவிடத்திலிருந்து போனது என்று கருதும் மொழியறிஞர்கள் உண்டு. செடியும் தெற்காசிய நிலங்களில் நெடுங்காலமாக விளைவது என்பதால், அந்தக் கருத்து பொருந்தியே வருகிறது.

பெயர் மேற்கே போன கதை இன்னும் சுவையானது. பாரசீகர் வாயில் அது பாதிங்கான் ஆயிற்று. அரபியில் 'க' ஒலி 'ஜ'வாகத் திரிந்து பாதிஞ்சான் ஆனது. காய்க்குப் பெருமை கூட்டியவர்களும் அரபிகளே. 825இல் கலீபா அல்-மாமூனை மணந்த பூரான் என்ற பெண்ணின் பெயரால் ஒரு கத்தரிக்காய்ப் பதார்த்தமே உண்டு. 1226இல் பாக்தாத்தில் எழுதப்பட்ட சமையல் நூல் அதன் பக்குவத்தைச் சொல்கிறது: காயை உப்புத் தண்ணீரில் இலேசாக வேகவைத்து, எடுத்து உலரவிட்டு, புது நல்லெண்ணெயில் பொரித்து, தோல் நீக்கி மசித்து, பூண்டு தட்டிப்போட்ட தயிரில் சேர்க்க வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்யும் நம் வீடுகளுக்கு அந்த நல்லெண்ணெய் வாசம் அந்நியமாகாது. பூரானின் பெயர் ஸ்பெயினின் அல்போரோனியா என்ற காய்கறிக் கூட்டில் இன்றும் இருக்கிறது.

அரபிகள் வழியே காய் ஸ்பெயின் மண்ணில் ஊன்றியது. 'அல்' என்ற அரபி முன்னொட்டோடு சேர்ந்து கேட்டலான் மொழியில் அல்பெர்ஜீனியா, அதிலிருந்து பிரெஞ்சில் ஓபெர்ஜீன். முன்னொட்டை விட்டுவிட்டு போர்த்துகீசியர் பெரிஞ்செலா என்றார்கள். இத்தாலியில் மெலன்சானா. அதை 'பித்துப் பிடித்த ஆப்பிள்' என்று பிரித்துப் பொருள் கண்டவர்கள் காயையே சந்தேகித்தார்கள். 1597இல் மூலிகை நூல் எழுதிய ஆங்கிலேயர் ஜான் ஜெரார்டும் அதைப் பித்து ஆப்பிள் என்றே குறித்தார். ஒரு நல்ல காய்மேல் வீண்பழி! வங்காளத்திலும் இப்படித்தான். 'பேகுன்' என்ற பெயரைக் குணமில்லாதது என்று பிரித்துச் சொல்வார்கள்.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியக் கரையோரம் கால்வைத்த போர்த்துகீசியர் தங்கள் சொல்லையும் கொண்டுவந்தார்கள். அதை இங்கிருந்த ஆங்கிலேயர் பிரிஞ்சால் ஆக்கினார்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் படிக்கும் பிரிஞ்சாலுக்கு இதுதான் பூர்வீகம். கடல் சுற்றிப் போன பெயர், முகம் மாறித் திரும்பியிருக்கிறது. அது அங்கேயும் நிற்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் 'பிரவுன் ஜாலி' என்று திரிந்தது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, பொருள் மாறாமல் இத்தனை உருவெடுத்த சொல் வேறு இராது என்று வியக்கிறது.

கத்தரி என்ற பெயருக்கும் நம்மிடம் வேர் ஆழம். சித்த மருத்துவத்தில் இருமலுக்குக் கொடுக்கும் கண்டங்கத்தரி, இலையெல்லாம் முள் நிறைந்த அதன் காட்டு உறவு. அந்த முள் சில நாட்டு ரகங்களில் இன்னும் தங்கியிருக்கிறது. வேலூர் மாவட்டம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காயைக் கை பார்த்துத்தான் பறிக்க வேண்டும். காம்பிலும் காயின் பச்சைக் குல்லாவிலும் முள் குத்தும். அந்த ரகத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.