தண்ணீரைக் குறைத்த கேமரா

"அண்ணே, கடலுக்குள்ள போட்டோ எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?"

பெருமுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் தம்பி கேட்டான். புதுச்சேரியில் ஸ்கூபா பழகிவிட்டு வந்திருந்தான். மெகாபிக்சலும் விலையும் எழுதிய தாள் ஒன்று கையில் இருந்தது. அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனேன். தண்ணீருக்குள் இருக்கும் படியில் ஒரு செம்பை வைத்து, "எடு" என்றேன். இரண்டு சாண் ஆழத்தில் இருப்பதுபோல்தான் தெரிந்தது. தோள்வரை நனைந்த பிறகுதான் அவன் விரல் செம்பில் பட்டது.

தண்ணீர் ஒளியை வளைக்கிறது. நாலு சாண் ஆழத்தில் கிடப்பது மேலிருந்து பார்த்தால் மூன்று சாணில் தெரியும். தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்சுக்கும் இதே கதிதான்: எல்லாம் கிட்டத்தில், பெரிதாக, குறுகிய பரப்பில் தெரியும். நீரடிக் கேமராவின் வரலாறு முழுக்க இந்தத் தண்ணீரோடு நடந்த மல்லுக்கட்டுதான். நனையாமல் காப்பது அதில் பாதி வேலை.

1856இல் வில்லியம் தாம்சன் என்ற ஆங்கிலேயர் வேமத் விரிகுடாவில் கேமராவைப் பெட்டியில் அடைத்து, கழியில் கட்டி இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் மங்கலாக ஒரு படம் கிடைத்தது. 1893இல் பிரான்சின் பன்யூல்ஸ் கடலில் உயிரியலாளர் லூயி பூத்தான் தானே முக்குளிப்பு உடை அணிந்து இறங்கினார். அவருடைய சகோதரர் ஒகுஸ்த் வடிவமைத்துக் கொடுத்த பெட்டியில் எனக்குப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. பெட்டியோடு காற்று நிரம்பிய ரப்பர் பலூனை இணைத்திருந்தார்கள். ஆழம் கூடக்கூடக் கடல் பலூனை நசுக்கும்; அதிலுள்ள காற்று பெட்டிக்குள் போய், உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தைச் சமமாக்கும். கடலின் பலத்தாலேயே கடலைத் தடுத்தார்கள். ஆனால் வெளிச்சம் போதவில்லை. ஒரு படத்துக்கு அரைமணி நேரம்கூட அசையாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. மீன் நிற்குமா?

வண்ணத்துக்கு இன்னும் முப்பது வருடம் ஆனது. 1926இல் அமெரிக்காவின் டிரை டார்ட்டூகாஸ் தீவுகளில் லாங்லி, சார்லஸ் மார்ட்டின் என்ற இருவர் மிதவை மேல் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் மீனை வண்ணத்தில் பிடித்தார்கள்.

நம் கடலுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1956இல் மைக் வில்சன் என்பவர், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு இலங்கைக்கு வந்து திருகோணமலையில் முக்குளித்தார். 1620களில் போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேஸ்வரக் கோயிலின் தூண்களும் சிற்பக் கற்களும் பாறையடியில் கிடந்தன. வில்சன் அவற்றைப் படம்பிடித்தார். முந்நூறு வருடத்துக்கு மேல் கடலுக்குள் இருந்த கோயிலைக் கரையிலிருந்தவர்கள் காகிதத்தில் கண்டார்கள். ஒரு கேமராவுக்கு இதைவிடப் பெரிய வேலை கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த திருப்பத்தை உண்டாக்கியவர் ஜான் த வூத்தர்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர். பெட்டியே வேண்டாம், கேமராவின் உடம்பே நீர் புகாததாக இருக்கட்டும் என்றார். கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் கப்பல் பெயரைச் சுமந்து 1960 வாக்கில் 'கலிப்சோ' வந்தது. 1963இல் நிக்கான் அதை வாங்கி 'நிக்கோனோஸ்' ஆக்கியது. 15 மில்லிமீட்டர் அகன்ற லென்ஸ் ஒன்று அதற்கென்றே பிறந்தது. அதன் முன்கண்ணாடி நேராகத் தண்ணீரைத் தொடும். கரையில் அது உதவாது. அவ்வளவு அகலமாகப் பார்க்கும் லென்ஸ் இருந்தால் ஒரு முழம் தூரத்துக்குப் போயும் முழு மீனும் சட்டத்துக்குள் அடங்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் குறையும், கலங்கல் குறையும், நிறம் தங்கும். 2001இல் நிக்கோனோஸ் நின்றுபோனது. அது கற்றுக்கொடுத்த இந்தக் கணக்கு நிற்கவில்லை.

அதனால் தம்பியிடம் தாளிலிருந்த வரிசையை மாற்றச் சொன்னேன். முதலில் அகன்ற லென்ஸ், அதற்கு முன்னால், தட்டைக் கண்ணாடிபோல் பரப்பைக் குறுக்காத அரைக்கோளக் கண்ணாடி. டோம் போர்ட் என்பார்கள். அடுத்து விளக்கு. பத்து மீட்டருக்குள்ளேயே சிவப்பு மங்கிவிடும். அதைத் திருப்பிக் கொண்டுவர ஸ்ட்ரோப் விளக்கு வேண்டும். அதை லென்சுக்குப் பக்கத்தில் வைக்காமல், கை நீட்டி இரு பக்கமும் விலக்கி வைக்க வேண்டும். மார்கழிப் பனியில் திண்டிவனம் சாலையில் ஹைபீம் போட்டால் பனி மட்டும்தானே தெரியும்? மிதக்கும் தூசியும் அப்படித்தான் படமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகும். கேமரா கடைசியில்தான். 15 மீட்டர்வரை தானே தாங்கும் பழைய ஒலிம்பஸ் டஃப் போன்ற சின்னது போதும். ஆழம் போனால் அதற்கு நீர் புகாத பெட்டி, அதாவது ஹவுசிங்.

அவன் பழைய கேமரா ஒன்றும் அதற்கான ஹவுசிங்கும் வாங்கி வந்தான். மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தோம். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. அது போதும், தண்ணீர் கசிந்து கேமரா போய்விடும். துடைத்து, கிரீஸ் தடவி, கேமரா இல்லாமல் உள்ளே டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்துப் பூட்டினோம். கல் கட்டி, கயிற்றில் கிணற்றுக்குள் இறக்கினான். கால்மணி நேரம் கழித்து இழுத்து, வெளியே துடைத்துத் திறந்தான்.

"அண்ணே, காஞ்சு இருக்கு!"