நெய்யூர் கேட்ட கேள்வி

இரணியல் என்றவுடன் வேணாட்டு மன்னர்களின் பழைய அரண்மனையும் கைத்தறியும் நினைவுக்கு வருவது இயல்பு. அவ்வூரை அடுத்த நெய்யூரில் புற்றுநோய் மருத்துவ வரலாற்றின் முக்கியமான பக்கம் ஒன்று எழுதப்பட்டதை நம்மில் பலர் அறியார். 1838-இல் இலண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே அங்குத் தொடங்கிய பணி, பின்னர் தென்திருவிதாங்கூரின் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது.

அங்கு வந்த நோயாளருள் வாய்ப்புற்றுடையோர் மிகுதி. முறுக்கான் போடாத வீடு அரிதாயிருந்த காலம் அது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் மென்று கன்னத்தில் அடக்கிவைப்பர். அடக்கிவைத்த இடத்திலேயே புண் தோன்றும். நெய்யூரில் பணியாற்றிய மருத்துவர் ஃபெல்ஸ், தென்னிந்திய வாய்ப்புற்று குறித்து 209 அறுவைகளை ஆராய்ந்து 1908-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். அதே ஆண்டு அதே இதழில் மருத்துவர் பென்டால், திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். கணிப்பொறியில்லாத நாளில், அறுவைக்கூடத்தின் ஓயாத வேலைக்கிடையே ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்தவை இவை.

1922-இல் எவரெஸ்டு ஏற வந்த ஹோவர்டு சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரில் காத்திருந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டு இங்கேயே தங்க முடிவு செய்தார். (1924-இல் மீண்டும் அம்மலைக்குச் சென்றபோது தொண்டையடைத்து மூச்சின்றிச் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தவர் அவர்.) அவர் காலத்தில் ஐ. எம். ஓர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். என்ன மெல்லுகிறீர், எத்தனை ஆண்டாக என்று நோயாளரிடம் கேட்பதே இத்தகைய ஆய்வின் வேர்.

இதே கேள்வியை இலண்டனில் ரிச்சர்டு டாலும் பிராட்போர்டு ஹில்லும் நுரையீரல் புற்றுநோயாளர் 709 பேரிடமும், அந்நோயில்லாத அதே எண்ணிக்கையினரிடமும் கேட்டு, 1950-இல் சிகரெட்டைக் குற்றவாளியென நிறுத்தினர். உலகம் திடுக்கிட்டது. புகையிலையின் கொடுமை திருவிதாங்கூரிலிருந்து முன்பே எழுதப்பட்டிருந்தும், கீழ்த்திசையாரின் வழக்கம் என்று அது ஒதுக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. பாக்கும் தனியே புற்றை உண்டாக்கும் என்பது 2004-இல் வெளியான பன்னாட்டு ஆய்வறிக்கையில் உறுதியானது.

வாய்க்கும் நுரையீரலுக்கும் ஒரு பெரிய வேறுபாடுண்டு. வாயை விளக்கொளியில் திறந்து பார்த்தால் போதும். 1996-இல் தொடங்கித் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சிபெற்ற சுகாதாரப் பணியாளர் வீடுவீடாகச் சென்று வாயைச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததென 2005-இல் அறிவித்தனர். நுரையீரலோ தன் கட்டியை வலியின்றி மறைத்து வைக்கும். சாதாரண மார்பு எக்ஸ்-ரே மூலம் முன்கூட்டித் தேடியும் சாவு குறையவில்லை. குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்தான் பயன் தந்தது: அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்ட, நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்தவரிடம் நடத்திய சோதனையில், எக்ஸ்-ரே எடுத்தவரைவிட ஸ்கேன் எடுத்தவரிடம் அந்நோயால் நேரும் சாவு 20 விழுக்காடு குறைந்தது. அம்முடிவு 2011-இல் வெளியானது.

நம் நாட்டில் காசநோயின் வடுக்கள் ஸ்கேனில் கட்டிபோல் தோன்றிக் குழப்பும். அந்த ஸ்கேனும் எல்லாருக்கும் எட்டுவதன்று. ஆகவே, பீடியையும் சிகரெட்டையும் விடுவதே முதல் மருந்து. விட்டுப் பத்தாண்டு கடந்தால், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது. அடுப்புப் புகையும் பிறர் விடும் புகையும் புகைக்காத பெண்களைக்கூடத் தாக்குகின்றன. இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூன்று வாரத்திற்கு மேல் நீங்காத இருமல், சளியில் இரத்தம், காரணமற்ற இளைப்பு ஆகியவை காசநோய்க்கும் உண்டு, நுரையீரல் புற்றுக்கும் உண்டு. சளிச் சோதனையில் கிருமி காணாமலே காசநோய் மாத்திரை தொடங்கி, இருமலும் தணியாதிருந்தால், மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காது கேட்கலாம்.