பால் மரத்தை முதலில் அறிந்தவர்கள்



விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரக்காட்டுக்குப் போன மக்களின் வழிவந்தவர்கள் நாம். கோடு எப்படிச் சாயவேண்டும், கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதெல்லாம் நம் பெற்றோருக்குக் கைவந்த கலை. ஆனால், இம்மரத்தின் பாலுக்குப் பயன் உண்டு என்று முதலில் கண்டவர்கள் யார்? இன்று அதனைப் பார்ப்போம்.

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அங்கு வாழ்ந்த பூர்வகுடி மக்கள் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார்கள். அதைப் புகையில் காட்டி உறைய வைத்தார்கள். காலணியும் புட்டியும் செய்தார்கள். ஒமாகுவா இனத்தார் அதில் பீச்சுக்குழலும் செய்தனர். பீச்சுக்குழலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே போர்த்துக்கீசியர் இம்மரத்தைச் 'செரிங்கேரா' என்று அழைத்தனர். 1736ஆம் ஆண்டில் லா கொண்டமீன் என்னும் பிரெஞ்சு அறிஞர் ரப்பரின் மாதிரியைப் பாரிசுக்கு அனுப்பினார். ஐரோப்பா விழித்துக்கொண்டது.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், காடறிந்த உள்ளூர் மக்களின் துணையோடு சுமார் 70,000 விதைகளைத் திரட்டி, லண்டனில் உள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டே 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த மரங்களை நம்பி எழுந்த தோட்டங்களுக்கே நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

விக்கத்திற்கு ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுன் விலை பேசப்பட்டிருந்தது. மரத்தை அறிந்திருந்த மக்களுக்கு என்ன கிடைத்தது? புட்டுமாயோ ஆற்றங்கரையில் ரப்பர்க் கம்பெனியின் ஆட்கள் அவர்களை அடித்தும் பட்டினி போட்டும் பால் எடுக்க வைத்தனர். உவிட்டோட்டோ, போரா முதலிய இனத்தாரில் பல்லாயிரவர் மாண்டனர். ரோஜர் கேஸ்மெண்ட் 1910இல் நேரில் சென்று விசாரித்த பின்னரே அக்கொடுமைகளை உலகம் நம்பியது.

விதை கொண்டுபோனதை அன்று தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. எனவே சட்டப்படி அது திருட்டு ஆகாது. ஆயினும், அறிந்தவனைக் கேளாமல் அவன் அறிவால் பொருள் ஈட்டுவது நியாயம் ஆகுமா?

இக்கேள்விக்கு விடை வர நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. 1992இல் பிரேசிலின் ரியோ நகரில் பல்லுயிர் உடன்படிக்கை கையெழுத்தானது. 2010இல் உருவான நகோயா ஒப்பந்தம், பூர்வகுடிகளின் அறிவைப் பயன்படுத்துமுன் அவர்கள் சம்மதம் பெறவேண்டும், வரும் பயனில் பங்கு தரவேண்டும் என்றது. மலேசியா 2017இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2020 டிசம்பரில் அது அமலுக்கு வந்தது.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. நம் தோட்டங்களுக்கு அருகே ஓராங் அஸ்லி மக்கள் வாழ்கிறார்கள். எந்த வேர் காய்ச்சலுக்கு, எந்த இலை புண்ணுக்கு என்று அவர்களின் முதியோர் அறிவர். அதனை இலவசச் சரக்காக நாம் எண்ணலாகாது. கேட்டுப் பெறவேண்டும், யாரிடம் பெற்றோம் என்று சொல்லவேண்டும், வெளியார் வந்து எழுதிக்கொண்டு போனால், தம் சம்மதம் இன்றித் தரவேண்டியதில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கவேண்டும்.

உழைப்புக்குரிய பெயரும் பங்கும் கிடைக்காத வேதனையை நாம் அறிவோம். அறிந்த நாமே பிறருக்கு அதைச் செய்யலாமா?