ஓர் ஆலை, மூன்று ஊர்கள்

பொதுவுடைமையிலிருந்து சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய நாடுகளில் அந்நிய முதலீடு வேலையின்மையைக் குறைத்ததா என்னும் வினாவுக்குப் புள்ளிவிவர அட்டவணைகளே பெரும்பாலும் விடையாகத் தரப்படுகின்றன. ஓர் ஆலையின் வரலாறு அவற்றினும் தெளிவாகப் பேசுகிறது.

ருமேனியாவில் 1989 டிசம்பரில் சௌஷெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தது. அரசு ஆலைகள் நலிந்தன. 1994-இல் பதிவு பெற்ற வேலையின்மை 10 விழுக்காட்டைக் கடந்தது. 2007-இல் அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது. அவ்வாண்டே, குளூஜ் நகரை அடுத்த ஜூகு என்னும் சிற்றூரில் கைப்பேசி ஆலை அமைக்கப்போவதாக நோக்கியா அறிவித்தது. 2008-இல் அங்கு உற்பத்தி தொடங்கியது; அதே ஆண்டில் ஜெர்மனியின் பொக்கும் நகரிலிருந்த ஆலை மூடப்பட்டது. அங்கு ஏறத்தாழ 2,300 பேரின் வேலை பறிபோனது. ஜெர்மானிய நிதியமைச்சர் பேர் ஸ்டைன்புரூக் இதனைச் 'சாத்து முதலாளியம்' என்று சாடினார். பழந்தமிழில் சாத்து என்பது ஊர்விட்டு ஊர் செல்லும் வணிகர் கூட்டம்.

அச்சாத்து ஜூகுவிலும் நிலைக்கவில்லை. தொடுதிரைக் கைப்பேசிகள் சந்தையைக் கைப்பற்றின. உற்பத்தி, உதிரிபாகங்கள் கிடைக்கும் ஆசியாவை நோக்கி நகர்ந்தது. 2011 செப்டம்பரில் மூடல் அறிவிப்பு வந்தபோது ஏறத்தாழ 2,200 பேர் வேலையிழந்தனர்.

எனினும் அதே குளூஜ் இன்று ருமேனியாவின் முதன்மையான மென்பொருள் நகரங்களுள் ஒன்று. அதன் வேர் முதலீட்டுக்கு முற்பட்டது: கணிதவியலாளர் திபேரியு போபோவிச்சியு 1957-இல் அங்கு நிறுவிய கணிப்பு நிறுவனம் 1963-இல் தானே ஒரு கணினியை உருவாக்கியது. கைப்பேசியைப் பூட்டும் வேலை முதலீட்டோடு வந்து முதலீட்டோடு சென்றது. மென்பொருள் வேலையோ உள்ளூர்க் கல்வியைத் தேடி வந்தது, ஆதலின் தங்கியது.

ஆனால் ஆலையில் வேலையிழந்த தொழிலாளி மறுநாளே மென்பொருள் அலுவலகத்தில் அமர இயலாது. வேலைகளின் எண்ணிக்கை ஈடாகலாம், மனிதர் ஈடாவதில்லை. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற ருமேனியர்களோ வேலையின்மைக் கணக்கிலேயே இடம்பெறுவதில்லை.

2006-இல் அதே நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய ஆலையில் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அங்கு வரி வழக்கு என்னும் தனிக் காரணமும் உண்டு. ஆயினும் பொக்கும், ஜூகு, ஸ்ரீபெரும்புதூர் மூன்றும் கற்பிப்பது ஒன்றே: ஆலை வரும்போது நிலமும் வரிச்சலுகையும் பற்றிப் பேசும் அரசுகள், அது போனபின் அத்தொழிலாளர் எத்தொழிலுக்குத் தகுதி பெற்றிருப்பர் என்பதையும் ஒப்பந்த நாளிலேயே கேட்க வேண்டும்.